தமிழ் வீட்டுக் குழந்தைக்கு ஸ்பானிஷ் ப்ரீஸ்கூல்: கிடைத்ததும் கைநழுவியதும்

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வயதிலிருந்து கிண்டர்கார்டன் போகும் வரை அவள் போனது முழுக்க ஸ்பானிஷில் நடக்கும் ஒரு ப்ரீஸ்கூலுக்கு. நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில். வீட்டில் தமிழ். எனக்கும் கணவருக்கும் டாக்கோ கடையில் ஆர்டர் கொடுக்கும் அளவுக்குக்கூட ஸ்பானிஷ் வராது. இதைக் கேள்விப்படும் தமிழ்ப் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அப்போ இங்கிலீஷ் பின்தங்கிடாதா?" என்றுதான். அடுத்து, "ரெண்டு மூணு பாஷை தெரிஞ்சா மூளைக்கு நல்லதாமே?" இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். ஆனால் தமிழ் என்ன ஆகும் என்று யாருமே கேட்பதில்லை. எங்கள் வீட்டில் கடைசியில் அதுதான் பெரிய விஷயமாக ஆனது.

நாங்கள் அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த காரணம் ரொம்பச் சாதாரணம். ஆபீஸ் போகும் வழியில் இருந்தது, காத்திருப்போர் பட்டியல் நகர்ந்து இடம் கிடைத்தது, அந்த வகுப்பின் ஆசிரியை எங்களுக்குப் பிடித்துப்போனார். கட்டணம் மாதம் 2,000 டாலருக்கு மேல். அக்கம்பக்கத்தில் நாங்கள் விசாரித்த இங்கிலீஷ் ப்ரீஸ்கூல்களும் கிட்டத்தட்ட அதே தொகைதான் சொன்னார்கள். அதனால் ஸ்பானிஷுக்காகத் தனியாக எதையும் கொடுத்ததாக நாங்கள் நினைக்கவில்லை. குழந்தைப் பராமரிப்புச் செலவுக்காகக் கம்பெனி வழியாகக் கிடைக்கும் டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ என்ற கணக்கில் வருமான வரி இல்லாமல் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை போட முடிந்தது. 2026 முதல் அந்த வரம்பு 7,500. சிறிய உதவிதான், ஆனால் இதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும் குடும்பங்களைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் மூளை விஷயம். பள்ளி விளம்பரங்களில் இது தவறாமல் வரும்: இருமொழிக் குழந்தைகளுக்குக் கவனம் கூடும், திட்டமிடும் திறன் கூடும் என்று. அப்படிக் காட்டிய ஆய்வுகள் இருந்தது உண்மை. கனடாவின் எலன் பியாலிஸ்டாக் இந்தத் துறையில் நிறைய வேலை செய்தவர். ஆனால் பெரிய எண்ணிக்கையில் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அந்த லாபம் அவ்வளவாகத் தென்படவில்லை. அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகள் 4,524 பேரின் தரவுகளை அலசி 2019இல் வெளிவந்த ஆய்வு, அந்த வகைத் திறன்களில் இருமொழிக் குழந்தைகள் முந்துவதற்குச் சான்று இல்லை என்றது. ஆகவே மூளைக்காக என்று யாராவது விற்க வந்தால் நான் அந்த இடத்தில் காதை மூடிக்கொள்வேன். இன்னொரு மொழி தெரிவது அதனளவிலேயே நல்ல விஷயம். அதற்கு மேலே எதற்கு மூளையை இழுக்க வேண்டும்?

இங்கிலீஷ் பின்தங்குமா என்பதற்கு இருப்பதில் எனக்கு நம்பிக்கை தந்தது ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ரேண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு. அங்கே இமெர்ஷன் வகுப்புகளுக்கு, அதாவது பாடங்களையே இன்னொரு மொழியில் நடத்தும் வகுப்புகளுக்கு, குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். இடம் கிடைத்த குழந்தைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இங்கிலீஷ் வாசிப்பில் இமெர்ஷன் குழந்தைகள் ஐந்தாம் வகுப்பில் சுமார் 7 மாதப் படிப்பும் எட்டாம் வகுப்பில் சுமார் 9 மாதப் படிப்பும் முன்னால் இருந்தார்கள். கணக்கிலும் அறிவியலிலும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. குலுக்கல் என்பதால், "அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள், அதனால்தான் நன்றாகப் படித்தார்கள்" என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அது கிண்டர்கார்டனில் தொடங்கி எட்டாம் வகுப்பு வரை நீண்ட கதை. இரண்டு வருட ப்ரீஸ்கூலுக்கு அந்தப் பலனை அப்படியே எழுதிக்கொள்ள முடியாது. இன்னொன்றும் உண்டு. இமெர்ஷன் என்பதே 1965இல் மாண்ட்ரியால் பக்கத்து செயின்ட் லாம்பெர்ட்டில், வீட்டில் இங்கிலீஷ் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு வர வேண்டும் என்று கேட்டு வாங்கியது. அதைப் பார்த்துத்தான் 1971இல் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஸ்பானிஷில் தொடங்கினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வீட்டு மொழியும் ஊர் மொழியும் ஒன்றே. பள்ளியில் எந்த மொழியை வைத்தாலும் இங்கிலீஷ் எங்கேயும் ஓடிப்போகாது. நம் வீட்டுக் கதை வேறு. வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஊரில் ஒன்று. ஆகவே இமெர்ஷனைப் பற்றி எழுதப்படும் நல்லதும் கெட்டதும் பாதிதான் நமக்குப் பொருந்தும். மீதியை நாம்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி தேடும்போது பார்த்ததில் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. சுவரெல்லாம் ஸ்பானிஷ் எழுத்துகள், வண்ணக் காகிதக் கொடிகள். வெளியே விளையாடப் போகும் நேரம். ஆசிரியை ஒரு சின்ன ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, "பொன்தே லா சாக்கெத்தா" என்றார். ஒரு குழந்தையும் அசையவில்லை. அடுத்த நொடி அவரே, "புட் ஆன் யுவர் ஜாக்கெட்" என்றார். எல்லாரும் எழுந்து கொக்கியை நோக்கி ஓடினார்கள். குழந்தைகள் புத்திசாலிகள். முதலில் வருவது சும்மா, இரண்டாவது வருவதுதான் வேலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே பெயர்தான் இமெர்ஷன். அப்படி உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்லும் பள்ளியில் ஸ்பானிஷ் பாட்டும் நிறங்களும் எண்களும் வரும், பேச்சு வராது.

அதனால் பள்ளியைப் பார்க்கப் போனால் காலையில் வட்டமாக உட்கார்ந்து பாடும் நேரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். கை கழுவும்போது, ஷூ மாட்டும்போது, இரண்டு பேர் ஒரே லாரிக்குச் சண்டை போடும்போது ஆசிரியை எந்த மொழியில் பேசுகிறார் என்று காதைக் கொடுங்கள். எங்களுக்குப் பிடித்த ஆசிரியை சிங்க் பக்கத்தில் முழங்காலிட்டு, தன் கையைத் தேய்த்துக் காட்டி, "லாவாதே லாஸ் மானோஸ்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். குழந்தை புரியாமல் பார்த்தது. மறுபடி அதையே சொன்னார், மறுபடி செய்துகாட்டினார். இங்கிலீஷுக்குப் போகவே இல்லை, முகத்தில் எரிச்சலும் இல்லை. அந்தப் பொறுமைக்குத்தான் நாங்கள் பணம் கட்டினோம் என்று சொல்லலாம்.

மொழியைப் பார்க்கும் அவசரத்தில் அது முதலில் ஒரு ப்ரீஸ்கூல் என்பதை மறந்துவிடக் கூடாது. கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற ஒவ்வொரு மையத்தின் ஆய்வறிக்கைகளும் புகார் விவரங்களும் மாநிலத்தின் கம்யூனிட்டி கேர் லைசென்சிங் இணையதளத்தில் கிடைக்கும். பெயரைப் போட்டுத் தேடினால் போதும். நாங்கள் ஆசைப்பட்ட ஓர் இடத்தை அதைப் படித்த பிறகு விட்டுவிட்டோம். மாநில விதிப்படி ப்ரீஸ்கூல் வயதில் ஓர் ஆசிரியருக்கு 12 குழந்தைகள் வரை இருக்கலாம். மொழியே புரியாத குழந்தைக்கு அது அதிகம் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பள்ளியில் அதைவிடக் குறைவாக வைத்திருந்தார்கள், அதுவும் முடிவுக்கு ஒரு காரணம்.

சேர்த்த பிறகு முதல் சில மாதங்கள் அவள் பள்ளியில் வாயே திறக்கவில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிற குழந்தை அங்கே ஊமை. புது மொழிக்குள் போகும் குழந்தைகள் இப்படி மௌனமாக இருந்து கேட்டுக்கொண்டிருப்பது வழக்கம்தான், ஆசிரியையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் மாலையில் கதவருகே அவளைக் கூட்டிவரப் போகும்போது மனசு கனத்துத்தான் இருந்தது. என் மாமியார் அப்போது இங்கே வந்திருந்தார். "மூணு வயசுக் குழந்தைக்கு மூணு பாஷையாம்மா? முதல்ல நம்மளோட ஒழுங்கா பேசட்டுமே" என்றார். "இல்ல அத்தை, கொஞ்சம் பார்ப்போம்" என்று சமாளித்தேன். குழந்தை மருத்துவரிடம் கேட்டபோது அவர் சொன்னது தெளிவாக இருந்தது: பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை, வீட்டு மொழியிலேயே பேச்சு வளர்ச்சி குறைவாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். தமிழில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளியில் மௌனமாக இருந்தால் அது மொழி பழகும் காலம். தமிழிலும் வார்த்தை வரவில்லை என்றால், "மூணு பாஷை குழப்பம், சரியாகிடும்" என்று யாராவது ஆறுதல் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காமல் காதும் பேச்சும் பரிசோதித்துவிடுங்கள். மூன்று வயதுக்குள் என்றால் இங்கே வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு உதவும் எர்லி ஸ்டார்ட் என்ற மாநிலத் திட்டம் உண்டு, அதற்கு மேல் என்றால் உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தைக் கேட்க வேண்டும்.

அந்த மௌன மாதங்களில் நடந்த ஒரு விஷயம் என் எண்ணத்தையே திருப்பியது. ஒரு நாள் அவள் முன்கையில் பல் தடம். கூடவே ஒரு காகிதம்: இன்னொரு குழந்தை கடித்துவிட்டது, ஐஸ் வைத்தோம், கையெழுத்துப் போடுங்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை, கடித்தவர் பெயரை அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். காரில் கார் சீட் பெல்ட் போடும்போது மகள் தானாகவே ஆரம்பித்தாள்: "நான் ப்ளூ பக்கெட் வெச்சிருந்தேன். அவன் கேட்டான். நான் தரலை. மண்ணு போட்டுட்டு இருந்தேன்ல. அவன் கடிச்சுட்டான். டீச்சர் அவனைத்தான் மடியில வெச்சுக்கிட்டாங்க." முதலில் எனக்கு வந்தது கோபம். பள்ளியில் இதைச் சொல்ல அவளுக்கு மொழி இல்லையே என்ற ஆத்திரம். இமெர்ஷனில் உண்மையான குறை இதுதான், விளம்பரத்தில் வராதது: வலித்தால், பயந்தால், அநியாயம் நடந்தால் சொல்ல வார்த்தை இல்லாத சில மாதங்களைக் குழந்தை தாண்டியாக வேண்டும்.

மறுநாள் ஆசிரியையிடம் பேசினோம். வலி, பாத்ரூம், பயம் என்றால் மொழியைப் பார்க்காமல் இங்கிலீஷிலோ சைகையிலோ பேசுவது என்று முடிவானது. அவரிடம் நாலு சொல் எழுதி வாங்கி வீட்டில் பழக்கினோம்: மே துவேலே என்றால் வலிக்கிறது, நோ மே குஸ்தா என்றால் எனக்குப் பிடிக்கவில்லை, அயூதா என்றால் உதவி, பான்யோ என்றால் பாத்ரூம். சேர்க்கும் முன்னே இதைச் செய்துவிடலாம். பள்ளி அதற்கு ஒத்துக்கொள்ளாமல், "விதிப்படி ஸ்பானிஷ் மட்டும்தான்" என்று பிடிவாதம் பிடித்தால் அந்தப் பள்ளி வேண்டாம்.

ஆனால் கோபம் ஆறிய பிறகு இன்னொன்று உறைத்தது. நடந்ததை முதலில் இருந்து கடைசி வரை, யார் யார் என்ன செய்தார்கள், ஏன், அதில் என்ன நியாயம் என்று தமிழில் கோவையாகச் சொல்லியிருந்தாள். அதே வயதில் இங்கிலீஷ் டேகேருக்குப் போன எங்கள் நண்பர்களின் பிள்ளைகள் அந்த நேரத்திற்குள் அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இங்கே இருக்கும் எல்லாத் தமிழ்ப் பெற்றோருக்கும் இந்தக் கதை தெரியும். டேகேர் போன ஆறே மாதத்தில் தமிழ் காதோடு நின்றுவிடும், வாய்க்கு வராது. காரணம் எளிது: அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது குழந்தைக்குத் தெரியும். பள்ளியில் பழகிய மொழியிலேயே வீட்டிலும் வேலை நடக்கிறது என்றால் அது ஏன் கஷ்டப்பட வேண்டும்?

எங்கள் வீட்டில் அந்தக் குறுக்கு வழி அடைபட்டிருந்தது. அவள் ஸ்பானிஷில் ஏதாவது கேட்டால் நாங்கள் முழித்தோம். பள்ளியில் நடந்ததை எங்களுக்குச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே வழி தமிழ். ஆக, ஸ்பானிஷ் பள்ளி அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது இங்கிலீஷின் மணி நேரங்களை, தமிழின் மணி நேரங்களை இல்லை. நாலரை வயது வரை அவள் வீட்டில் தமிழ் மட்டுமே பேசினாள், அதுவும் "ஏன்னா", "அதுக்கப்புறம்", "இருந்தாலும்" எல்லாம் போட்டு. இங்கிலீஷ் உள்ளே வந்தபோது தமிழ் வேர் பிடித்திருந்தது. இதை வைத்து விதி எழுத முடியாது என்பதும் தெரியும். ஒரு வீடு, ஒரு குழந்தை. மாமியார் பல மாதம் கூட இருந்து கதை சொன்னதும், வீட்டில் அண்ணனோ அக்காவோ இங்கிலீஷைக் கொண்டுவராததும் சேர்ந்துதான் இது நடந்தது. மூத்த பிள்ளை ஏற்கெனவே பள்ளிக்குப் போகும் வீட்டில் இந்தக் கணக்கு அப்படியே வராது. இருந்தாலும் "ஸ்பானிஷ் எடுத்தால் தமிழ் போய்விடும்" என்று பயப்படுபவர்களுக்குச் சொல்வேன்: தமிழைத் தின்பது பொதுவாக இங்கிலீஷ்தான்.

மாமியாரும் பிறகு சமாதானம் ஆனார். ஊருக்குப் போன பின் வீடியோ காலில் இவள், "பாட்டி, மாஸ் கதை!" என்பாள். மாஸ் என்றால் இன்னும் வேண்டும் என்று அவரும் தெரிந்துவைத்திருந்தார். "மாஸ் கதையெல்லாம் தூங்கி எழுந்தாத்தான்" என்று பதில் வரும்.

இரண்டாம் வருடம் பள்ளிக்குள் மொழி நிலவரம் மாறியது. ஆசிரியையிடம் ஸ்பானிஷ், விளையாட்டு மூலையில் தோழிகளோடு இங்கிலீஷ். காரணம், வகுப்பில் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகள் ரொம்பக் குறைவு. குழந்தைகள் தங்களுக்குள் ஊர் மொழிக்குத் தாவிவிடுவது இமெர்ஷன் பள்ளிகளில் சகஜம். எங்கள் மகள் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டது ஸ்பானிஷ் பள்ளியில்தான் என்று சொல்லிச் சிரிப்போம். உங்களுக்கு ஸ்பானிஷ் வலுவாக வர வேண்டும் என்பது நோக்கமானால், வகுப்பில் எத்தனை குழந்தைகள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். ஆசிரியை ஒருவரே ஸ்பானிஷுக்கு ஆதாரம் என்றால் அவர் விலகும் நாளில் பள்ளியே மாறிவிடும். எங்களுக்கு அதுவும் நடந்தது. ப்ரீஸ்கூல் ஆசிரியர்களின் சம்பளம் இங்கே வெட்கப்பட வேண்டிய அளவுக்குக் குறைவு, அதனால் விலகிப் போவது அதிகம். நடு வருடத்தில் உதவி ஆசிரியை போனார், அவருக்குப் பதில் வந்தவர் அன்பானவர், ஆனால் பாதி நேரம் இங்கிலீஷ். கட்டணம் மட்டும் குறையவில்லை. வகுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்பதைச் சேரும்போதே கேளுங்கள். பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்பதைவிட அதில் அதிகம் தெரியவரும்.

ஸ்பானிஷ் எவ்வளவு வந்தது? இரண்டாம் வருட முடிவில் ஆசிரியை சொன்னதெல்லாம் புரிந்தது, சின்ன வாக்கியங்களில் பதில் சொன்னாள், கதைப் புத்தகத்தைப் பார்த்துத் தானே கதை கட்டினாள். உச்சரிப்பு அசல். தமிழின் த, ப, க பழகிய நாக்குக்கு ஸ்பானிஷின் அந்த ஒலிகள் அப்படியே பொருந்துகின்றன, அதில் நம் குழந்தைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு.

பிறகு கிண்டர்கார்டன். பள்ளி மாவட்டத்தில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது, நீங்கள் குழந்தையிடம் பேசுவது எது, வீட்டிலுள்ள பெரியவர்கள் அதிகம் பேசுவது எது என்று நாலு கேள்வி. அதில் இங்கிலீஷ் அல்லாத மொழியை எழுதினால் சேர்ந்த 30 நாளைக்குள் குழந்தைக்கு எல்பாக் என்ற இங்கிலீஷ் தேர்வு வைப்பார்கள். தமிழர் வட்டாரத்தில் இதைப் பற்றி ஒரு பயம் பரவிக் கிடக்கிறது. எங்கள் அபார்ட்மென்டில் ஒரு பெண் அக்கறையோடுதான் சொன்னாள்: "அக்கா, எல்லாத்துலயும் இங்கிலீஷ்னு எழுதிடுங்க. தமிழ்னு எழுதினா புடிச்சு இஎல்-ல போட்டுருவாங்க."

நாங்கள் தமிழ் என்றே எழுதினோம். பேச்சும் கேட்பதும் ஓரளவு வந்தாலும், இங்கிலீஷில் எழுத்தும் வாசிப்பும் அவளுக்கு அப்போது கிட்டத்தட்ட இல்லை. இங்கிலீஷ் கற்பவர் என்ற, அந்த இஎல் பிரிவில்தான் வைத்தார்கள். அதனால் நடந்தது, தினமும் கொஞ்ச நேரம் சின்னக் குழுவில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். வகுப்பு மாற்றவில்லை, தோழிகளை விட்டுப் பிரிக்கவில்லை. முதல் வகுப்பு முடிவில் அந்தப் பிரிவிலிருந்து விடுவித்துவிட்டார்கள். தேர்வு மதிப்பெண்ணோடு ஆசிரியர் கருத்தும் பெற்றோர் கருத்தும் பார்த்துத்தான் அதைச் செய்வார்கள். அந்தப் பெயர்ப்பட்டியலில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால் கவலைப்படலாம், ஐந்து வயதில் கிடைக்கும் கூடுதல் உதவியை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் ஸ்பானிஷ் ப்ரீஸ்கூல் யோசிப்பவர்கள் இதைத் தெரிந்தே இறங்க வேண்டும்: இங்கிலீஷ் வந்துவிடும், கிண்டர்கார்டன் முதல் நாளுக்குள் வந்துவிடாமல் போகலாம். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியாமல் போவது உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் இது உங்களுக்கான வழி இல்லை.

எங்களுக்கு இழப்பு வந்தது ஸ்பானிஷில்தான். கலிஃபோர்னியாவில் 1998இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த ப்ரொபொசிஷன் 227 இருமொழி வகுப்புகளை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. 2016இல் ப்ரொபொசிஷன் 58 அதன் பெரும்பகுதியை நீக்கியது. அதன் பிறகு அரசுப் பள்ளிகளில் இருமொழி இமெர்ஷனுக்கு வழி அகலமானது. கல்விக் கட்டணம் கிடையாது. சிலவற்றில் தொடக்க வகுப்பில் 90 சதவீதம் ஸ்பானிஷ், 10 சதவீதம் இங்கிலீஷ் என்று தொடங்கி மெல்ல மாற்றுவார்கள், சிலவற்றில் முதலிலிருந்தே பாதிக்குப் பாதி. ஆனால் இடம் குலுக்கலில். இருவழித் திட்டம் என்றால் வகுப்பில் ஒரு பகுதி இடங்கள் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளுக்கு. அது நியாயம், அவர்கள் மொழியல்லவா அது. நமக்கு மிச்சப் பகுதியில்தான் போட்டி. எங்கள் பெயர் வரவில்லை. முதல் வகுப்பைத் தாண்டிவிட்டால் மொழித் தேர்வு வைக்காமல் புதியவர்களைச் சேர்ப்பது அரிது. ஆக அந்தக் கதவு மூடியது.

பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே பேச்சு கரைய ஆரம்பித்தது. நூலகத்தில் ஸ்பானிஷ் கதை நேரம், புத்தகங்கள், கார்ட்டூன் எல்லாம் முயன்றோம். கார்ட்டூனைப் பார்த்துச் சிரித்தாள், பதில் பேச ஆள் இல்லை. ஸ்பானிஷ் பேசும் ஒரு கல்லூரி மாணவியை சனிக்கிழமை காலை வந்து விளையாட ஏற்பாடு செய்தோம். அதுதான் கொஞ்சமாவது வேலை செய்தது. ஆனால் சனிக்கிழமை காலைதான் தமிழ்ப் பள்ளியும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது நாங்கள் தமிழ்ப் பள்ளியை எடுத்துக்கொண்டோம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது அவளுக்கு ஸ்பானிஷ் பாதி புரியும், பேச்சு வணக்கத்தோடும் நன்றியோடும் நின்றுவிடும். வகுப்பில் மெக்சிகோவிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தபோது தயங்காமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள் என்று ஆசிரியை சொன்னார். எனக்கு அது போதும். ஆனால், "இரண்டு வருடப் பணத்துக்கு ஸ்பானிஷ் நிலைக்கணும்" என்று எதிர்பார்ப்பவருக்கு அது போதாது. அவர்கள் ப்ரீஸ்கூலைப் பார்ப்பதற்கு முன்பு, ஐந்து வயதுக்கு மேல் ஸ்பானிஷ் எங்கே தொடரும் என்று மாவட்டத்தின் குலுக்கல் விதிகளைப் படித்துவிட்டு வர வேண்டும். பதில் இல்லை என்றால் மற்ற காரணங்களுக்காகச் சேர்க்கலாம், ஸ்பானிஷுக்காக வேண்டாம்.

இப்போது சின்னவன் முறை. அவனுக்கு மூன்றரை வயது, நிலவரமும் மாறிவிட்டது. அக்காவுக்கு நாலு வயதானபோது அரசுப் பள்ளியின் டிகே, அதாவது ட்ரான்சிஷனல் கிண்டர்கார்டன், எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. 2025-26 கல்வியாண்டிலிருந்து செப்டம்பர் 1க்குள் நாலு வயது நிறையும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது உண்டு, இலவசமாக. பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கும் கட்டாயம். ஆனால் வகுப்பு நேரம் குறைவு, மாலை பராமரிப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதைக் கூட்டினாலும் தனியார் ப்ரீஸ்கூலின் ஒரு முழு வருடக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பெரிய மிச்சம். அதோடு, அவனுக்கு வீட்டிலேயே இங்கிலீஷ் பேச அக்கா இருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த தமிழ் காலம் இவனுக்கு ஸ்பானிஷ் பள்ளியால் மட்டும் கிடைக்காது. அதனால் இப்போதைக்கு அவனை வாரத்தில் மூன்று நாள் அதே ஸ்பானிஷ் ப்ரீஸ்கூலுக்கு அனுப்புகிறோம், பழைய ஆசிரியை இன்னும் அங்கே இருப்பதால். மீதி இரண்டு நாள் என் அம்மாவோடு வீட்டில். இலையுதிர் காலத்தில் டிகே. ஸ்பானிஷ் டிகே வகுப்புள்ள பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், குலுக்கலில் பெயர் வந்தால் அங்கே, வராவிட்டால் அக்காவின் பள்ளி. அவளிடம் தம்பியோடு தமிழில்தான் பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்தோம். "அவன் கேட்டா பேசுறேன்" என்றிருக்கிறாள். அதுவும் இங்கிலீஷில்.